பக்கத்து வீட்டில் கொடுத்த சாவி

ஹட்டனில் வாடகை மிகக் குறைந்த இடம் எது என்று விசாரித்தபோது எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். காட்டிய கையோடு, அங்கே மட்டும் போய்விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். நாங்கள் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டு குடிபோனோம்.

அந்த இடத்துக்குப் பெயர் தவறணைச் சந்து. சாராயத் தவறணையின் பின்சுவரை ஒட்டிச் சரிவில் இறங்கும் கல்படிகள். படிகளின் இரண்டு பக்கமும் தகரம் போட்ட ஒற்றை அறைகள். பொழுது சாய்ந்தால் மேலேயிருந்து குடிகாரர்கள் வழுக்கிக்கொண்டே இறங்குவார்கள். ஒரு அறையில் சூதாட்டம், இன்னொரு அறையில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். சில நாட்களில் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது படியில் ஒரு இடத்தை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். எதற்கு என்று கேட்டால் அம்மா என்னை வேகமாக நடக்கச் சொல்வாள். நான் புதிதாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது டீச்சர் வகுப்பில் வைத்து விலாசம் கேட்டார். சொன்னேன். உடனே அவர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, அவரவர் பென்சிலை அவரவர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொதுவாக ஒரு புத்தி சொன்னார்.

இலங்கை சுதந்திரமடைந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. அதுவரை ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் வாய்த் தகராறு முற்றி, தோட்டத்தில் அப்பாவின் கணக்கை முடித்துப் வேலையிலிருந்து விலக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேலை போனால், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடான லயத்து அறையும் போய்விடும். அப்பாவைச் சேர்த்துக்கொள்ள வேறு தோட்டம் எதுவும் முன்வரவில்லை. கடைசியில் நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனராக வேலை கிடைத்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார். அதனால்தான் ஹட்டன், அதனால்தான் தவறணைச் சந்து.

அம்மாவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. கையால் சுற்றும் மெஷின். தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி மாற்றலாகிப் போகும்போது, அம்மா அவர் வீட்டில் பார்த்த வேலைக்குப் பதிலாகக் கொடுத்தது. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்துபோய், லயத்துப் பெண்களிடம் ரவிக்கைக்கு அளவெடுத்து வந்து அதில் தைப்பாள். அப்பாவின் சம்பளம் வாடகையோடு நின்றுவிடும். அரிசியும் மண்ணெண்ணெயும் என் பள்ளிக்கூடச் சட்டையும் அந்த மெஷினிலிருந்துதான் வந்தன. அது போனால் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அம்மா கடைவீதியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கள் குடும்பத்தின் முதல் பூட்டை வாங்கினாள்.

வாங்கினாளே தவிர, பூட்டு என்றால் என்ன என்பது அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றே சொல்ல வேண்டும். லயத்தில் பூட்டு ஏது? விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் போய்விடுவார்கள். போகும்போது கதவுக் கொண்டியை மாட்டிவிட்டு, காய்ச்சல் இருமல் என்று வீட்டில் தங்கியவரிடம், “வீட்டப் பாத்துக்கங்க” என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்தச் சீக்காளி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளித் திண்ணையான இஸ்தோப்பில் குந்தியபடி லயம் முழுவதையும் பார்த்துக்கொள்வார். அம்மாவுக்குத் தெரிந்த காவல் அது ஒன்றுதான். ஆகவே ஹட்டனிலும் கதவைப் பூட்டியதும், சந்தில் பகலில் வீட்டில் தங்குகிறவர் யார் என்று பார்த்தாள்.

ஒருவர்தான் தங்கினார். எங்களுக்கு அடுத்த அறைக்காரர். எலும்பும் தோலுமான உடம்பு, ஓயாத இருமல். சந்து முழுவதும் வேலைக்குப் போனபிறகும் அவர் மட்டும் போர்வைக்குள் கிடப்பார். பாவம், சீக்காளி மனுசன் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். கதவைத் தட்டி அவரை எழுப்பி, சிவப்புத் துணிக்கிழிசலில் கோர்த்த சாவியை நீட்டி, “அண்ணே, வீட்டப் பாத்துக்கங்க. பொழுதுக்குள்ள வந்துர்றேன்” என்றாள்.

அவர் சாவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு எட்டி எங்கள் பூட்டைப் பார்த்தார். அந்தப் பூட்டைப் பற்றி அவருக்கு ஏதோ அபிப்பிராயம் இருந்ததாகத் தெரிந்தது, ஆனால் சொல்லவில்லை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா வந்தபோது சாவியும் இருந்தது, மெஷினும் இருந்தது. நன்றிக்காக அவர் இருமலுக்குக் கொத்தமல்லி கொதிக்கவைத்துக் கொடுத்தாள். இதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. அம்மா அண்ணே என்றதால் எங்களுக்கு அவர் மாமா ஆனார்.

இந்த ஏற்பாடு ஆப்பக்கார அக்காவுக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. எதிர் அறையில் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தவர் அவர். கேட்டதும் சட்டியில் ஆப்பம் கருகுவதுகூடத் தெரியாமல் சிரித்தார்.

“அந்த ஆளுக்கு எதுக்குடி சாவி?” என்றார் அம்மாவிடம். “ஹட்டன் டவுன்ல அவரு கைபடாத பூட்டு இருக்கா?”

பகலில் தூங்குவதற்குக் காரணம் நோய் அல்ல, தொழில் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வளைந்த கம்பி போதுமாம் அவருக்கு. இரண்டு தரம் மறியலுக்குப் போய்ச் சிறைக்கம்பி எண்ணி வந்தவராம். அம்மா வீட்டுக்குள் வந்து மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி, அதைச் சுற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியேறினாள். பாதிவழியில் நின்றாள். திரும்பி இறங்கி வந்து, முடிச்சை அவிழ்த்து, வழக்கம்போல அவரிடமே கொடுத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன். “நேத்து வரைக்கும் குடுத்துட்டு இன்னைக்கு இல்லேன்னா, அந்த மனுசன் மூஞ்சிய நான் எப்புடி பாக்குறது?” என்றாள். மனித குலத்தின் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை என்றெல்லாம் இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில் அது வெறும் கூச்சம்.

எனக்கு அந்தக் கூச்சம் இல்லை, பயம்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடிவந்து கதவிடுக்கில் கண்ணை வைத்து மெஷினைத் தேடுவேன். அவர் தன் வாசற்படியில் உட்கார்ந்தபடி, “இருக்கா பாப்பா?” என்று கேட்பார். இருக்கிறது என்று தலையாட்டுவேன். “அப்பச் சரி” என்பார். என் சந்தேகத்துக்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

நாளாக நாளாக எங்கள் வாசலில் குடிகாரர்கள் நிற்பது நின்றுபோனது. தம்பி படியில் தவழ்ந்து இறங்கினால் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள். மாமா மட்டும் இன்னும் மெலிந்துபோனார். பகலெல்லாம் எங்கள் வீட்டுக்குக் காவல் இருந்தால் எப்போது தூங்குவது? இரவில்தான் தூங்கினார். சந்து முழுவதும் கேட்கும்படி குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மா ஒரு மனுசனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று ஆப்பக்கார அக்கா கேலி செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் கடிகாரம் விற்கும் ஒரு மணிக்கூட்டுக் கடையை உடைத்துவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை. சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு அம்மா தம்பியோடு தோட்டத்துக்குப் போயிருந்தாள். நான் ஆப்பக்கார அக்காவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இரண்டு பொலிஸ்காரர்கள் நேராக மாமாவின் அறைக்குள் போய் அவரை இழுத்து வந்தார்கள். அறையைக் குடைந்தும் மணிக்கூடு ஒன்றும் அகப்படவில்லை. இடுப்பைத் தடவினார்கள். சிவப்புத் துணியோடு சாவி வந்தது.

எந்த வீட்டுச் சாவி என்று கேட்டார்கள். அவர் பேசவில்லை. கன்னத்தில் அறைந்தார்கள், அப்போதும் பேசவில்லை. பொலிஸ்காரர் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பூட்டு திறந்துகொண்டது. புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்குக் கள்ளச்சாவி செய்து வைத்திருக்கிறான் என்று அவர்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி கொடுத்த சாவியா என்று பெயருக்கு ஒருதரம் சந்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

சந்து முழுவதும் வாசலில் நின்றது. சூதாட்டக்காரர்களும், கசிப்பு விற்பவரும், அம்மா சாவி கொடுப்பதைத் தினமும் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து, “அது எங்க...” என்று தொடங்கினேன். தேங்காய்ப்பால் பிசுபிசுத்த கையால் ஆப்பக்கார அக்கா என் வாயைப் பொத்திவிட்டார். திறந்த கதவை அப்படியே போட்டுவிட்டு, சாவியோடு மாமாவை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஒருமுறை அசைத்தார்.

இத்தனை பொய்யர்களுக்கு நடுவிலா குடியிருக்கிறோம் என்று எனக்கு அழுகை வந்தது. புருஷன் வெளியூரில் இருக்கும்போது ஒருத்தி பக்கத்து அறை ஆணிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்பது பொலிஸ் புத்தகத்தில் ஏறினால், கடைவீதிக்குப் போய்ச் சேருவதற்குள் அது வேறு கதையாகிவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் பெயருக்காக அவர் அடிவாங்கினார். அம்மாவின் பெயருக்காக அந்தப் பொல்லாத சந்து முழுவதும் வாயை மூடிக்கொண்டு நின்றது. நல்லவர்கள் குடியிருக்கும் தெருக்களில் பிற்பாடு எவ்வளவோ காலம் இருந்துவிட்டேன். அப்படி ஒரு மௌனத்தை எங்கும் பார்க்கவில்லை. அந்தச் சந்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

மத்தியானம் வந்த அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் குங்குமத்தைப் பெரிதாக வைத்தாள். அவள் எங்கே கிளம்புகிறாள் என்பது ஆப்பக்கார அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“போகாத தங்கச்சி. அவரு எப்புடியும் வந்துருவாரு, பழக்கப்பட்ட எடந்தான். ஒம் புருஷன் காதுக்குப் போனா நீ என்னா சொல்லுவ?”

“நடந்ததச் சொல்லுவேன்க்கா” என்று அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டாள். மறுகையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

பொலிஸ் ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கடைவீதிச் சிங்களம் கொஞ்சம் தெரியும். அதையெல்லாம் திரட்டி, “யதுர மமய் துன்னே” என்றாள். சாவியைக் கொடுத்தது நான்தான். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவனோ ஒருவன் பின்னால் சிரித்தான். அவன் உனக்கு என்ன வேண்டும் என்று மேசைக்காரர் கேட்டார்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று யாரும் கிடையாது. “மகே அய்யா” என்றாள். என் அண்ணன்.

கம்பிக்குப் பின்னால் இருந்த அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலமாக இருமினார். மேசைக்காரருக்கு அவருடைய வம்சமே தெரியும், தங்கச்சி கிடையாது என்பதும் தெரியும். ஆனாலும் குங்குமத்தையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை மேசைமேல் போட்டார். கடை உடைத்ததற்கு வேறு சாட்சி ஒன்றும் இல்லாததால் பொழுதுசாய அவரையும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் எங்களோடு சேர்ந்து நடக்கவில்லை. யாரோ எவரோ போல வெகுதூரம் பின்னால் வந்தார்.

மறுநாள் அம்மா சாவியை நீட்டியபோது அவர் கையைக் கட்டிக்கொண்டார். “வேணாம் தங்கச்சி. நீங்களே வச்சுக்கங்க” என்றார். அதன்பிறகு அம்மா சாவியைத் தலைப்பில் முடிந்துகொண்டே போய் வந்தாள். நான் கதவிடுக்கில் பார்க்கும்போது, இருக்கா என்று கேட்கவும் ஆள் இல்லை. அம்மா தைத்த ரவிக்கைகளில் அந்த நாட்களில் தையல் கோணியது. அப்பாவின் லொறி வரும் நாளை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா வந்தார். சந்துக்கு இறங்கும் முன்பே மேலேயுள்ள தேத்தண்ணிக் கடையில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. கால் கழுவினார், சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை மெல்ல ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும்.

காலையில் கிளம்பும்போது அப்பா சாவியைக் கேட்டு வாங்கினார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி, மேலே ரோட்டுக்குப் போகாமல் பக்கத்து அறை வாசலில் போய் நின்றார். மாமா போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்தார். அடிவாங்கப்போகிறவர் போலத் தலைகுனிந்து நின்றார். எதிரே ஆப்பக்கார அக்கா மாவு ஊற்றாமல் அகப்பையைப் பிடித்தபடியே இருந்தார்.

“மச்சான்” என்றார் அப்பா. “நான் வர ரெண்டு கிழமையாகும். வீட்டப் பாத்துக்கங்க.”

அவர் இரண்டு கையாலும் சாவியை வாங்கினார். பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பழைய ஆளிடமே சாவி திரும்பிப் போகிறது, இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மேலே லொறிக்காரர் ஹார்ன் மேல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவோ இன்னும் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. லொறி போய்விடப் போகிறதே என்றுதான் நான் கவலைப்பட்டேன்.