காற்றுப்படாத இடத்தில் நான்கு அடுப்பு

எங்கள் சவுக்குத் தோப்பு பூம்புகாருக்குத் தெற்கே, கடலோரச் சாலையை ஒட்டி இருக்கிறது. இரண்டு ஏக்கர் மணல் மேடு. நெல்லுக்கு ஆகாத மண் என்று மாமனார் காலத்திலேயே சவுக்கு போட்டுவிட்டார்கள். வயல் உள்ளே தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். என் கணவர் துபாயில் கிரேன் ஓட்டுகிறார். வயலையும் தோப்பையும் பார்த்துக்கொள்வது நான்தான். நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் சாலை வழியாகத்தான் போவார்கள். காவி உடுத்தி, சின்னத் தேரில் மாதா சொரூபத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வருவார்கள். உச்சி வெயிலில் அவர்களுக்கு நிழல் என்று இருப்பது சவுக்குத் தோப்புகள் மட்டும்தான். உள்ளே நுழைந்து மூன்று கல்லைக் கூட்டி, கஞ்சியோ சாம்பார் சாதமோ பொங்கிச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புவார்கள். போகும்போது அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் சவுக்குச் சருகு கணுக்கால் ஆழம் கிடக்கும். மேலே தெளித்த தண்ணீர் அடியில் இருக்கும் கங்குக்குப் போய்ச் சேராது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், நாற்றங்காலில் பெண்களோடு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். தோப்பின் பக்கம் புகை தெரிந்தது. நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தோம். கடல்காற்று திரும்பியிருந்த நேரம். நாங்கள் ஓரிடத்தில் அடிக்க அது வேறிடத்தில் எழுந்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது தோப்பில் மூன்றில் ஒரு பங்கு கருகியிருந்தது. அடுத்த தையில் வெட்ட வேண்டிய மரங்கள். சமைத்துவிட்டுப் போனவர்கள் அதற்குள் பத்து கிலோமீட்டர் போயிருப்பார்கள். தங்களால் ஒரு தோப்பு எரிந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் ஆவணி பிறப்பதற்கு முன்பே தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார். நல்ல மனிதர். தோப்புக்காரர்களைக் கூட்டி, விழிப்புணர்வுப் பிரசாரம் செய்யப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு தோப்பு வாசலிலும் ஒரு பலகை நட்டோம். ‘தோப்பினுள் தீ மூட்டாதீர். மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’ மஞ்சள் தாளில் நோட்டீசும் அடித்து, நடந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தோம். நானே ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தோப்புக்குப் போனேன். பலகையைக் காணவில்லை. உள்ளே பார்த்தால், அதைப் பிடுங்கி அடுப்புக்கு மறைப்பாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பு வாயில் பாதி எரிந்த மஞ்சள் தாள்.

“என்னம்மா இது?” என்றேன். குரல் எனக்கே சூடாகத்தான் கேட்டது.

“காத்து அடிக்குதும்மா, அதான் மறைப்பா வச்சிருக்கோம். போறப்ப நட்டுட்டுப் போயிடுறோம்.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? நோட்டீஸ் வேற குடுத்தோமே.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு படிச்சாரு. இங்க சமைக்கக் கூடாதுன்னு போட்டிருக்காம்.” கரண்டியைப் பானை விளிம்பில் தட்டிவிட்டு நிமிர்ந்தார். “வேற எங்க சமைக்கறதுன்னு அதுல போடலியாம்மா.”

அவர் பின்னால் இரண்டு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சமைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். நிழல், தண்ணீர், காற்றுப்படாத இடம். மூன்றே சொன்னார். கஞ்சி ஆகும்வரை இருந்து, கங்குகளை நானே தோண்டி எடுத்து, மணலில் புதைத்துவிட்டு வந்தேன்.

வந்த வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். தோப்புக்கும் சாலைக்கும் இடையில் எங்களுக்கு வெறும் மணல் கிடக்கிறது. ஒரு புங்கமரமும் நிற்கிறது. பக்கத்துத் தோப்பு அக்கா மண் அடுப்பு போடுவதில் கெட்டிக்காரர். கூலி வேலை செய்து சொந்தமாக நிலம் வாங்கியவர். யாருடைய யோசனைக்கும் சட்டென்று தலையாட்ட மாட்டார். அன்று நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தனை அடுப்பு?”

“நாலு போடுவோம்க்கா.”

அன்று சாயங்காலத்துக்குள் செங்கல்லும் களிமண்ணும் வந்துவிட்டன. சுற்றிலும் சருகை வாரி மணலைச் சுத்தமாக வழித்தோம். மூன்று பக்கம் பழைய தகரம் வைத்து அடைத்தோம். போர்வெல்லிலிருந்து குழாய் இழுத்து டிரம்மில் தண்ணீர் விட்டோம். விறகு பொறுக்க யாரும் தோப்புக்குள் போகக் கூடாது என்று, காய்ந்த மிளாறைக் கட்டுக் கட்டாக அங்கேயே அடுக்கினோம். சாம்பல் கொட்ட ஒரு குழி வெட்டினோம்.

விஷயம் கேள்விப்பட்டு அதிகாரி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான்கு அடுப்பையும் பார்த்தார்.

“தீ மூட்டாதீங்கன்னு சொல்லச் சொன்னா, நீங்க அடுப்பே போட்டுக் குடுத்திருக்கீங்க.”

“எப்படியும் மூட்டத்தான் போறாங்க சார். எங்க மூட்டுறாங்கன்னு நமக்குத் தெரியணும் இல்லையா?”

அவர் அடுப்பிலிருந்து தோப்பு வரை அடி எடுத்து வைத்து அளந்தார். இன்னும் பத்தடி சருகை வாரச் சொன்னார். மறுநாள் சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு மணல் வாளிகளை அவரே கொண்டுவந்து மாட்டினார். பழைய பலகையையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

புதுப் பலகை எழுதியது நான். வீட்டுக் கதவுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. எண்ணெய் டின் தகரத்தை வெட்டி நிமிர்த்தி எழுதினேன். நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் செய்கிற மாதிரி, தூரத்திலிருந்தே ஆள் பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. முதல் தகரத்தில், ‘சமைக்க அடுப்பு இருக்கு, இன்னும் ஒரு கிலோமீட்டர்.’ அடுத்ததில், ‘பொறுத்தது பொறுத்தீங்க, இன்னும் அரை கிலோமீட்டர்தான்.’ கடைசியில், ‘வந்துட்டீங்க. தண்ணி, விறகு, நிழல் எல்லாம் இருக்கு. உக்காருங்க.’ படிக்கத் தெரியாதவர்களுக்காக மூன்றிலும் ஒரு அடுப்பும் பானையும் வரைந்தேன். பானை பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னார். ஆனால் கூட்டம் வந்தது. சில நாள் அடுப்புக்கு வரிசையே நின்றது.

ஒரு தடவை மட்டும் தவறியது. ஒரு மதியம் அக்காவின் தோப்பில், வடக்கு ஓரமாகப் புகை எழும்பியது. நான் சத்தம் போடுவதற்குள், எங்கள் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவர்களே எழுந்து ஓடினார்கள். ஆண்கள் துண்டை டிரம்மில் முக்கி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் சிவப்பு வாளிகளைத் தூக்கினார்கள். காவி வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் அடித்த அடியில், ஒரு பாய் அகலத்துக்கு மேல் தீ பரவவில்லை. டீ போட நெருப்பு மூட்டியவர் வயதானவர். தனியாக நடந்து வந்தவர்.

“போர்டு பாத்தேம்மா,” என்றார் என்னிடம். “அரை கிலோமீட்டர் நடக்க முடியல.”

அவர் காலைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு, மற்றதில் துணிக்கட்டு. அவருக்கு மோர் கொடுத்து, பைக்கில் போன ஒருவரோடு ஏற்றி அனுப்பினேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பலமுள்ள கால்களை மட்டும் நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அக்காவின் தோப்பு வடக்கு ஓரத்திலும் ஒரு அடுப்பு ஏறியது. அந்த ஆவணியில் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எங்கும் தீப் பிடிக்கவில்லை.

போன வருடம் அதிகாரி மறுபடியும் தோப்புக்காரர்களைக் கூட்டினார். இந்த முறை என்னைப் பேசச் சொன்னார். மைக் பிடித்துப் பழக்கமில்லாவிட்டாலும் பயமாக இல்லை; எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லப்போகிறேன். ஒருவர் எழுந்து, “அடுப்பு போட்டா கூட்டம் நம்ம எடத்துலயே டேரா போட்டுடாதா?” என்று கேட்டார்.

“அவங்க வேளாங்கண்ணிக்குப் போறவங்க. நம்ம வீட்டுக்கு வந்தவங்க இல்லீங்க,” என்றேன். “சாப்பிட்டா கெளம்பிடுவாங்க.”

கூட்டம் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அந்த ஆவணியில் எங்கள் சாலையில் ஆறு தோப்புகளில் அடுப்பு இருந்தது. கேள்வி கேட்டவர் தோப்பும் அதில் ஒன்று. அவர் தகரக் கூரையே போட்டுவிட்டார். சுவர் விளம்பரம் எழுதுகிறவரைக் கூப்பிட்டு ஆறு தோப்புக்கும் பலகை எழுதினோம். வாசகம் என்னுடையது. பானை மட்டும் அவர் வரைந்தது.

இப்போதெல்லாம் எங்களுக்கு வருவது புகார்கள்தான். போன தடவை ஒரு அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, மூன்றாவது அடுப்பு ரொம்பப் புகைகிறது, யார் போட்டது என்று கேட்டார். அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கடப்பாரையை எடுத்து வந்து, அடுப்பு வாயை நான்கு விரல் அகலப்படுத்திவிட்டு, “இப்ப ஊதிப் பாருங்க,” என்றார்.