வைப்பரில் கட்டிய மாலை

1. டிராக்டருக்குப் பின்னால் வந்த கார்

அந்தக் கார் என் ஒர்க்‌ஷாப்புக்கு முதல் தடவை ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் வந்தது. வெளிநாட்டு செடான், கறுப்பு நிறம், தோல் சீட்டு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளி மெட்ராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஊருக்கே அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். ஸ்டீயரிங்கில் அவருடைய டிரைவர் சூசை இருந்தார். அண்ணாச்சியிடம் பதினைந்து வருஷமாக வேலை பார்த்தவர். டிராக்டர் இழுத்துக்கொண்டு வரும்போதும் வளைவில் இண்டிகேட்டர் போட்டார்.

"ஓடிட்டிருக்கும்போதே அணைஞ்சிருச்சு மேஸ்திரி. மறுபடி எடுக்க மாட்டேங்குது" என்றார்.

இரண்டு நாள் வெயிலில் நின்றது. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினேன், உடனே எடுத்தது. மெக்கானிக்குக்கு இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது. நின்ற வண்டியை ஓட வைக்கலாம். ஓடுகிற வண்டியை என்ன செய்வது?

எனக்கு அப்போது இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஜாப் கார்டில் குறை, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம் இருக்கும். காரணம் என்ற கட்டத்தை நான் காலியாக விட்டதே இல்லை. அதில் எனக்குப் பெருமை.

இன்னொன்று மாலை. என் கை பட்ட வண்டி மாலை இல்லாமல் வெளியே போகாது. பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் ஜிகினா வைத்துக் கட்டிய செவ்வந்தி மாலை. லாரிக்கு முன்கம்பியில் கட்டலாம், அம்பாசடருக்கு பம்பரில் கட்டலாம். இந்தக் காரின் முகம் வழுவழுவென்று இருந்தது, ஒரு முடிச்சுப் போட இடமில்லை. காரைச் செய்தவனுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. கார் ஊருக்கு வந்த அன்றே, அண்ணாச்சி வீட்டில் ஆயில் பார்க்கப் போனபோது, நானே யோசித்து இரண்டு முனையையும் இரண்டு வைப்பரில் கட்டியிருந்தேன்; இப்போதும் அப்படியே கட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ந்து தானாக உதிரும்வரை எடுக்கக் கூடாது என்று சூசையிடம் சொல்லியும் அனுப்பினேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

2. ஐந்து காரணங்கள்

கார் மறுபடி நின்றது. அது மழையே இல்லாத வருஷம். கரிசல் புழுதி வீட்டுக்குள்ளேயே பறந்தது. அதனால் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தேன். அடுத்து பெட்ரோல் ஃபில்டர். அதற்கடுத்து பிளக். நாலாவது தடவை மதுரையிலிருந்து பம்ப் வரவழைத்தேன். கார்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாலை கட்டினேன். டிராக்டர்காரன் என்னைவிட அதிகமாகச் சம்பாதித்தான்.

நாலாவது தடவை சூசை சொன்னார்: "வெள்ளிக்கிழமையாப் பாத்து நிக்குது மேஸ்திரி. காலைல கழுவி எடுத்துட்டுப் போனா, சாயங்காலத்துக்குள்ள படுத்துருது."

"காருக்குக் கிழமை தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது தடவை அண்ணாச்சியே வந்துவிட்டார். அவர் ஆபீஸின் வேன்கள் எல்லாம் என்னிடம்தான் வேலைக்கு வந்தன. அவை போனால் என் ஒர்க்‌ஷாப்பில் காக்காதான் உட்காரும்.

"வே, உண்மையச் சொல்லு. வண்டில கோளாறா, ஓட்டுதவன்ட்ட கோளாறா?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாற்றுவதற்கு சாமானும் மிச்சமில்லை.

"பெட்ரோல்ல ஏதோ கலக்குற மாதிரி இருக்கு அண்ணாச்சி. டிரைவர எதுக்கும் விசாரிங்க" என்றேன். கார்டில் 'காரணம்: டிரைவர்' என்று எழுதினேன்.

சூசை இரண்டடி தள்ளி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரை எதுவும் விசாரிக்கவில்லை. "சாவியக் குடுத்துட்டுப் போ சூசை" என்று மட்டும் சொன்னார். சூசை துணியை மடித்து பானெட்டில் வைத்தார், சாவியை அதன்மேல் வைத்தார், நடந்து போனார்.

அன்றைக்கும் நான் மாலை கட்டினேன்.

3. கடம்பூரில்

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். இப்போது அவரேதான் ஓட்டுகிறார். காரைக் கழுவுவது வாட்ச்மேன், அதுவும் எப்போதாவது; அன்று காலையில் கழுவியிருந்தார். கடம்பூரில் போளி வாங்க நிறுத்தியிருக்கிறார், திரும்ப எடுக்கவில்லை.

பைக்கில் போனேன். காரை நிழலுக்குத் தள்ள நாலு பேரைக் கூப்பிட்டு, நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். நிழல் வந்ததும் பிரேக்கை அழுத்தினேன். எனக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, சளக்கென்று ஒரு சத்தம்.

தண்ணீர். மழை பெய்து எட்டு மாதமான ஊரில்.

பானெட்டைத் தூக்கி, வைப்பருக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு நீளப் பள்ளம். கண்ணாடியில் விழுகிற தண்ணீர் அதில் இறங்கி, ஓரத்தில் உள்ள ஓட்டை வழியாகத் தரைக்குப் போக வேண்டும். ஓட்டை அடைத்துக் கிடந்தது. பள்ளம் நிறைந்து, இன்ஜினுக்கு மூளையான கண்ட்ரோல் யூனிட் பெட்டி பாதி மூழ்கியிருந்தது. கனெக்டரில் பச்சைக் களிம்பு. கழுவினால் நனையும், நனைந்தால் நிற்கும். என் வாசலில் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் ஓடும். சூசை சொன்னது அப்படியே சரி.

ஓட்டையில் விரலை விட்டு அடைப்பை எடுத்தேன். அழுகிய செவ்வந்தி, நார், நடுவில் ஜிகினா. ஜிகினா மட்டும் அழுகவில்லை, புதுசாக மின்னியது. அண்ணாச்சி வீட்டுப் பூஜையில் மல்லிகைதான். ஜிகினா போடுகிறவன் நான்.

அண்ணாச்சி எதிர்க்கடையில் உட்கார்ந்து போளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டு 'காரணம்: வயரிங்' என்று எழுதலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தக் குப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குப் போனேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"என்னவே இது, எரு மாதிரி?"

"நான் கட்டுன மாலை அண்ணாச்சி. இதுதான் வண்டிய நிறுத்துனது." விளக்கமாகச் சொன்னேன்.

"அப்போ சூசை?"

"அவிய ஒண்ணும் பண்ணல. கழுவுனாவ, அவ்வளவுதான்."

"அவன்தான்னு சொன்னியே?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா? பதினஞ்சு வருசமா எங்கூட இருந்த மனுசன் வே." கையிலிருந்த போளியை அவர் இலையிலேயே வைத்துவிட்டார். "நானும் ஒரு வார்த்தை கேக்கல பாரு. நீயே போய்க் கூட்டிட்டு வா."

4. அடித்து எழுதியது

சூசையை நாகலாபுரத்தில் கண்டுபிடித்தேன். ஒரு தண்ணி லாரியில் கிளீனராக இருந்தார். ஐம்பது வயதில் கிளீனர். குடங்களோடு நின்ற பெண்களுக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணாச்சி திரும்பக் கூப்பிடுவதையும். கடைசிக் குடம் நிறைந்ததும் பைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கார்டு இருக்கா?"

"எந்தக் கார்டுண்ணே?"

"டிரைவர்னு எழுதுனீங்கள்லா, அது."

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"அடிச்சு எழுதுங்க."

'டிரைவர்' என்பதை அடித்து 'மெக்கானிக்' என்று எழுதினேன்.

"கையெழுத்து."

போட்டேன். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எம் மவன் ஒருநா கேட்டுட்டான் மேஸ்திரி. 'பெட்ரோல்ல என்னத்தப்பா ஊத்துன'ன்னு. அவன்ட்ட காட்டணும்." பிறகு வாசலில் நின்ற அண்ணாச்சி காருக்குப் பக்கத்தில் போய், "இனி எப்படிக் கழுவணும், சொல்லுங்க" என்றார்.

மாலை இப்போதும் உண்டு. கட்டுவதில்லை, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். காரணம் என்ற கட்டம் அதற்குப் பிறகு பல கார்டுகளில் நாள்கணக்கில் காலியாகக் கிடந்திருக்கிறது. கஸ்டமர் சத்தம் போடுவார். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். காருக்கு மகன் கிடையாது; அது எத்தனை நாள் நின்றாலும், சூசையை அவர் மகன் கேட்ட மாதிரி அதை யாரும் கேட்கப் போவதில்லை.