அல்வாவுக்குப் போன வெள்ளரி விதை

எங்கள் கொல்லையில் வெள்ளரிக்கொடி முதல் பூ பூத்த காலையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது நினைவில்லை. கருகிய வாடை கொல்லை வரைக்கும் வந்த பிறகு உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"பால் போச்சு!"

"பூ வந்துடுச்சு அத்தை!" என்று நான் கத்தினேன்.

ஒரு படி பாலைப் பொங்கவிட்டுவிட்டு எந்த மருமகளாவது இப்படிச் சந்தோஷமாகக் கத்துவாளா? என் சந்தோஷத்துக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததும் திருச்சி டவுனில். ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்துக்கு, உத்தர வீதியில் ஒரு நீள வீட்டுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டின் பின்னால் கிணறும், அதைத் தாண்டிக் கொல்லையும் இருந்தன. அங்கே மாமியார் வருஷம் தவறாமல் வெள்ளரிப்பழம் போடுவார். கோடையில் கொள்ளிடத்து மணலில் விளைந்து கூறு கட்டி விற்கிறார்களே, அந்தப் பிஞ்சு முற்றினால் வருவது அல்ல இது. தனி ஜாதி. பழுத்தால் தானே வெடிக்கும். உள்ளே வெள்ளையாக, மாவு போலப் பொலபொலவென்று இருக்கும். வெல்லத்தைப் பொடித்துப் போட்டுத் தின்ன வேண்டும்.

மார்க்கெட்டிலும் வெள்ளரிப்பழம் வரும், வழவழவென்று மஞ்சளாக. மாமியார் போடுவது அது இல்லை. நீளமாக, காம்பிலிருந்து நுனி வரைக்கும் பத்துக் கரும்பச்சைக் கோடுகளோடு இருக்கும். பழுத்து வெடித்த பிறகும் கோடு மறையாது. திருவெள்ளறையில் அவர் பிறந்த வீட்டு வயலில் விளைந்தது அது. கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதை.

இந்த விவரம் முழுவதும் எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்கு என் நாத்தனாரும் அவர் கணவரும் வருவதாக இருந்தார்கள். ஒரு வாரப் பத்திரிகையில் கோதுமை அல்வா செய்யும் முறை வந்திருந்தது. கடைசி வரியில், உரித்த வெள்ளரி விதையை நெய்யில் வறுத்து மேலே தூவவும் என்று போட்டிருந்தார்கள். சமையலறைப் பரண் ஓரத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் சாம்பல் கலந்த வெள்ளரி விதை இருந்ததைப் பார்த்திருந்தேன். பூச்சி வராமலிருக்கச் சாம்பல் போட்டிருக்கிறார்கள், சமையலுக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் இதைக்கூடக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளே, படித்த பெண்தானா என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது. அலசி, காயவைத்து, இரண்டு மத்தியானம் குழந்தை தூங்கும்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தேன்.

அல்வா பிரமாதமாக வந்தது. "கல்யாண வீட்டு அல்வா தோத்துச்சு அண்ணி" என்றார் நாத்தனார். மாமியார் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேலே இருந்த விதைகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றுவிட்டு, "விதை நல்லாருக்கே. காந்தி மார்க்கெட்டா?" என்றார். வாய் நிறைய அல்வா இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அதைப் பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

தை கடைசியில் ஒருநாள் மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் என்னால குந்த முடியாது. பரண்ல பாட்டில் இருக்கு பாரு, அந்த வெள்ளரியை நீயே போட்டுடும்மா. பத்திரம். எங்க அண்ணன் வயல்ல இப்ப கடலைதான். அவங்ககிட்டயே அந்த விதை இல்ல. உலகத்துல நம்ம வீட்டுல மட்டும்தான் இருக்கு."

ஓடிப்போய்ப் பரணிலிருந்து பாட்டிலை எடுத்தேன். கவிழ்த்துத் தட்டினேன். அடியில் சாம்பலோடு ஒட்டிக்கொண்டு ஏழு விதைகள் இருந்தன. ஈரத்துணியில் முடிந்து வைத்ததில் நான்கு முளைவிட்டன. குழி எடுத்து, எருப் போட்டு, நான்கையும் நட்டேன். இரண்டை நத்தை தின்றது. ஒன்று காரணமே சொல்லாமல் வாடியது. மிச்சம் ஒரு கொடி.

"இவ்வளவு இடத்துல ஒரே குழியா?" என்று மாமியார் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மத்தது வரலை அத்தை" என்றேன். அதுவும் உண்மைதான். என் உண்மைகளெல்லாம் அப்போது இந்த மாதிரிதான் இருந்தன.

ஆனால் அந்த ஒரு கொடி என்ன வேகமாக ஓடியது! காலையில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்தால் மறுநாள் அதைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருக்கும். நாளைக்கு ஐந்து தடவை கொல்லைக்கு ஓடுவேன். என் கணவர், "கொடியைப் பாக்கறியா, இல்ல அது உன்னைப் பாக்குதா?" என்று கேலி செய்வார். பங்குனி பிறந்ததும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. அந்தப் பால் பொங்கிய காலை அதுதான். முதலில் வந்தவை எல்லாம் ஆண் பூக்கள். பத்து நாள் கழித்து, அடியில் மயிர் போர்த்த சின்னப் பிஞ்சோடு பெண் பூக்கள் வந்தன. இரண்டு நாளில் அந்தப் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

பெட்டிக்கு அடியிலிருந்து பள்ளிக்கூட விஞ்ஞான நோட்டை எடுத்தேன். மகரந்தச் சேர்க்கைக்கு நான் வரைந்த படம் அழகாக இருந்தது. அதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன். படம் வரைந்தபோது இதெல்லாம் ஒரு நாள் நடக்கப்போகிற காரியம் என்று தோன்றியதேயில்லை. பிஞ்சு நிற்க வேண்டுமானால் ஆண் பூவின் பொடி பெண் பூவில் சேர வேண்டும். தேனீ அதைச் செய்யும். ஆனால் பக்கத்து வீட்டுக் கொல்லையில் அந்த வருஷம் கிர்ணிப்பழக் கொடி படர்ந்து பூத்திருந்தது. வெள்ளரிப்பழமும் கிர்ணியும் ஒரே குலம். தேனீ அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தால், பழம் நம்முடையதாகத்தான் இருக்கும், விதை கலப்பாகிவிடும். அடுத்த வருஷம் கோடும் இல்லாமல் கிர்ணியும் இல்லாமல் எதுவோ ஒன்று காய்க்கும்.

அதனால் நானே செய்வது என்று முடிவு செய்தேன். மறுநாள் மலரப்போகும் ஒரு பெண் மொட்டையும் ஒரு ஆண் மொட்டையும் சாயங்காலமே தையல் நூலால் வாயைக் கட்டிவைத்தேன். தேனீ நுழைய முடியாது. விடிந்ததும் நூலை அவிழ்த்து நானே பொடியைச் சேர்க்க வேண்டும். கொடியில் வேறு பெண் மொட்டு எதுவும் இல்லை. இதற்குப் பிறகு வருமா என்றும் தெரியவில்லை, அடி இலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

விடிந்தபோது நான் தூரமாகியிருந்தேன்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் பாயும் தட்டும் சொம்புமாக ஒதுங்கி இருக்க வேண்டும். எதையும் தொடக்கூடாது. முக்கியமாகக் காய்க்கிற கொடியைத் தொடக்கூடாது, தொட்டால் பட்டுப்போகும் என்பார்கள். பத்தடி தூரத்தில் நூல் கட்டிய அந்த மொட்டு தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்றேன். நீ படித்தவள், இதெல்லாம் உண்மையில்லை என்று உனக்குத் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கையை நீட்டினேன். ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? நூறு கொடி இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். இருப்பது ஒன்று. கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். நம்பினேனா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கணவர் வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் பல் துலக்கக் கிணற்றடிக்கு வந்தார்.

"அத்தை, கொடியில ரெண்டு பூவை நூலால கட்டியிருக்கேன். அதை நீங்க அவுக்கணும்."

"பூவை எதுக்கு கட்டினே? ஜடையா அது?"

கிர்ணியையும் தேனீயையும் பற்றிச் சொன்னேன். அவர் சாவகாசமாக வாய் கொப்பளித்தார். "கலந்தா கலந்துட்டுப் போகுது. பாட்டில்ல பழைய விதை ஒரு கையளவு இருக்குமே. அடுத்த வருஷம் அதைப் போட்டுக்குவோம்."

"பாட்டில்ல ஒண்ணும் இல்ல அத்தை."

"ஏன், எலி தின்னுடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த எலியை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எலி தின்றிருந்தால் என் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அப்போது பூவை அவிழ்க்க இவ்வளவு அவசரம் எதற்கு என்பது அவருக்குப் புரியாமலே போய்விடும்.

"எலி இல்ல அத்தை. நாமதான் தின்னுட்டோம். பொங்கலுக்கு, அல்வா மேல."

மாமியார் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அதைக்கூட அவர் தடுக்கவில்லை.

"மார்க்கெட் விதைன்னு சொன்னியே."

"தலையாட்டினேன் அத்தை."

"பொறுக்கிப் பொறுக்கித் தின்னேனேடி! எங்க அப்பா கையால எடுத்துக் கொடுத்த விதை. நல்லாருக்குன்னு வேற சொன்னேன்!" அவர் குரல் உடைந்தது. அழுகிறாரா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வெயில் கொடியின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, மணி ஆகுது. வெயில் ஏறினா பூ சுருங்கிடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"திட்டறதுக்குக்கூட நேரம் குடுக்க மாட்டியா நீ?"

"சாயங்காலம் திட்டுங்க அத்தை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேட்டுக்கறேன். எங்கேயும் போக மாட்டேன், இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழந்தையை இறக்கிவிட்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மணைப்பலகையோடு திரும்பி வந்தார். "குந்த முடியாதே, இதுல உக்காந்துதான் செய்யணும். சரி, சொல்லு. இதுல எது மாப்பிள்ளை?"

"ஒல்லிக் காம்பா இருக்கே, அது. அடியில பிஞ்சு இருக்கறது பொண்ணு."

"பொண்ணு வயித்துல இப்பவே பிஞ்சு இருக்கு. என்ன கல்யாணம் இது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஆண் பூவைக் காம்போடு பறிக்கச் சொன்னேன், இதழ்களைப் பின்னால் மடிக்கச் சொன்னேன், நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுக்கச் சொன்னேன்.

"மெதுவான்னா எப்படி?"

"குழந்தைக்குக் கண்மை வைப்பீங்களே, அப்படி."

அது உடனே புரிந்துவிட்டது. இடது கையால் பெண் பூவின் முகவாயைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, மூச்சைக்கூட அடக்கி அவர் செய்ததைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். என் கை விரல்கள் தாமாக அசைந்தன. முடிந்ததும் பூவின் வாயை மறுபடி நூலால் கட்டச் சொன்னேன். மூன்று முடிச்சுப் போட்டார். "தாலியும் கட்டியாச்சு. பொண்ணு வீட்டுக்காரி நீ, அங்க எட்டி நின்னு பாத்துக்கோ."

சாயங்காலம் சொன்னபடியே திட்டினார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, காப்பி கொண்டுவந்து என் தம்ளரில் எட்ட இருந்து ஊற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடினேன். பிஞ்சு உதிரவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கட்டைவிரல் பருமனுக்கு ஊதியிருந்தது. நான் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, குழந்தை விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

சித்திரையில் அது பழுத்தது. வெடித்துச் சிதறாமல் வைக்கோல் சுற்றி வாழைநாரால் கட்டியிருந்தோம். ஒரு மத்தியானம் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. வெல்லம் போட்டு நாலு பேரும் தின்றோம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, "அதேதான்" என்றார். விதைகளில் பாதியைத் திருவெள்ளறைக்கு, அவர் அண்ணன் வீட்டுக்கு, பஸ்ஸில் தானே எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழம் அதேதான் என்றால் தாய்க்கொடி அதேதான் என்று அர்த்தம், அவ்வளவுதான். விதைக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த வருஷம்தான் தெரியும். மொட்டை நான் கட்டுவதற்கு முன்பே ஏதாவது எறும்பு நுழைந்திருந்தால்? மூன்று முடிச்சும் தளர்வாக இருந்திருந்தால்? கலப்பு விதையைத் திருவெள்ளறைக்கும் அனுப்பிவிட்டோமோ? மாமியாரிடம் இதைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் தூக்கம் போயிற்று.

மறு வருஷம் ஆறு குழி போட்டோம். பங்குனியில் ஒரு காலை இலையை விலக்கிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு. கிர்ணியைப் போல உருண்டையாக இல்லை, நீளம். மேலே இருந்த மெல்லிய ரோமத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

"அத்தை! கோடு இருக்கு!"

மாவு அரைத்துக்கொண்டிருந்தவர் கையில் மாவோடு, முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, ஓடி வந்தார். "எத்தனை? சரியா எண்ணுடி, பத்து இருக்கணும்!"

ஏழு வரைக்கும் எண்ணினேன். மிச்சம் அடிப்பக்கம் இருந்தது. திருப்பினால் காம்பு ஒடிந்துவிடுமோ என்று இரண்டு பேருக்குமே பயம். மண்ணில் கன்னம் படக் குனிந்து, ஒரு பக்கம் நானும் மறு பக்கம் அவருமாக எண்ணத் தொடங்கினோம்.