திரும்பி வராத பந்து

தண்ணீர் லாரியின் கண்ணாடி வழியாகத்தான் ஓபெத் அதை முதலில் பார்த்தான். மலைமேல் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற காலை வேளை. ஊர்க் கூடைப்பந்து அரங்கத்தின் வாசலில் பயிற்சியாளர் சாகோவின் கார் நின்றது. அரங்கத்தின் திறந்த கதவுக்குள்ளே சாகோவும் புதுப் பையன் யாடியெலும் மட்டும். பயிற்சி மாலையில்தானே? காலையில் என்ன குசுகுசுப்பு?

"நமக்குக் குழி வெட்டுறானுங்க" என்று முனகிக்கொண்டே கியரை மாற்றினான்.

போர்ட்டோ ரிக்கோவின் அந்த மலைப்பக்கத்தில் ஓபெத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வருடக்கணக்காக அணியின் வெற்றியெல்லாம் அவன் கையால் வந்ததுதான். பந்து கிடைத்தால் எறிவான். அடுத்தவனுக்குக் கொடுக்கும் பழக்கமே கிடையாது. கூட்டத்தில் பந்தரேத்தா பறை தட்டுகிறவர்கள் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள்.

"ஓபெத்து கைக்குப் போன பந்து ஒருநாளும் திரும்பாது,
நியூயார்க் போன மச்சான்போல நெனச்சாலும் வராது!"

எதிரணிக்காரர்களுக்கும் இது மனப்பாடம்.

இந்த ஆண்டு சாகோ அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். முட்டி தாங்காதாம். கடைசிச் சில நிமிடங்கள் இறங்கினால் போதுமாம். சாகோ யார்? இளவயதில் இதே அணியில் கூட ஆடியவன். ஆளில்லாத இடத்தில் கை விரித்து நின்று நின்று, பந்து வராமல் ஏமாந்தவன். அந்த வஞ்சத்தைத்தான் இப்போது தீர்க்கிறான் என்று ஓபெத் உறுதியாக நம்பினான். போட்டிகள் முடிந்ததும் தன்னை அணியிலிருந்தே கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் லாரி ஓட்டுகிற ஒருவன், அவ்வளவுதான்.

"குடிங்கண்ணே" என்று யாடியெல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் ஓபெத் மூடியை முகர்ந்து பார்த்தான்.

வீட்டிலும் நிம்மதியில்லை. அவன் காலடி கேட்டதும் மனைவி நெரெய்தா போனைப் படக்கென்று வைத்தாள். அணையும் திரையில் சாகோ என்ற பெயர்.

"யாரு?"

"எங்கக்கா."

"உங்கக்கா பேரு எப்பலேர்ந்து சாகோ ஆச்சு?"

"நீ பெஞ்சுல ஒக்காந்து வீட்டுல மூஞ்சியத் தூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இறுதிப் போட்டி வந்தது. சில நொடிகளே மிச்சம். ஒரு புள்ளி குறைவு. சாகோ எல்லோரையும் கூப்பிட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னான். ஓபெத்திடம் மட்டும், "நீ எப்பவும்போல ஆடு" என்றான்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

பழியைத் தன் தலையில் கட்டத்தான் என்று ஓபெத்துக்குத் தோன்றியது. தவறினால் கழற்றிவிட நல்ல சாக்கு.

பந்து கைக்கு வந்ததும் பறை அதிர்ந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்தே அந்தப் பாட்டைப் பாடினார்கள். எதிரணியில் மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். இவன் எங்கே கொடுக்கப் போகிறான்!

கைகளின் இடுக்கில் மூலையைப் பார்த்தான். யாடியெல் தனியாக நின்றிருந்தான். பந்து கேட்டுக் கத்தவில்லை. நெஞ்சுக்கு நேரே கை விரித்தபடி, பல காலைகள் நின்று பழகிய இடத்தில் நிற்பவன்போல.

அப்படியானால் காலையில் நடந்தது இதுதான். தன்னைத் தூண்டில் புழுவாக்கியிருக்கிறார்கள்! சுர்ரென்று கோபம் ஏறியது. எறிந்துவிடலாம், மூன்று பேருக்கு மேலேயும் எறிந்தவன்தான் அவன். ஆனால் அந்தக் கை விரித்த நிலையைப் பார்த்தபோது, என்றோ அதே மூலையில் நின்ற சாகோ தெரிந்தான்.

பந்தைக் கொடுத்தான்.

பறை நின்றுபோனது. இதற்கு யாரும் பாட்டுக் கட்டியிருக்கவில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்த பிறகுதான் அரங்கம் அலறியது. யாடியெலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓபெத் சாகோவின் சட்டையைப் பிடித்தான். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒம் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

"நான் குடுக்காம இருந்திருந்தா?"

சாகோ நெரெய்தாவைப் பார்த்தான். அவள் பூரணம் வைத்துப் பொரித்த, எண்ணெய் சொட்டும் அல்கபூரியாவைக் கடித்தபடி வந்துகொண்டிருந்தாள். "கேட்டா குடுக்க மாட்டான், கேக்காம நில்லுங்கன்னு நாந்தான் சொன்னேன். வீட்டுல உப்ப எடுன்னு கேட்டு என்னிக்கு எடுத்துக் குடுத்திருக்க?" என்றாள்.

"அடுத்த வருஷம்?" என்றான் ஓபெத், சாகோவை விடாமல்.

"பெஞ்சுதான். கடைசியில எறங்கு."

"அப்ப வெளிய அனுப்பல?"

"ஒன்ன அனுப்பிட்டா அவனுங்க மூணு பேரும் யார் மேலடா பாய்வானுங்க?"

ஓபெத் சட்டையை விட்டான். நெரெய்தா இன்னொரு அல்கபூரியாவை நீட்டினாள். அவன் அதைப் பிட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொண்டான்.