சூடாக இருந்த மூடி

பம்மலில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை என்னுடையது. கோவளத்து மீனவர் ஒருவர் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்குவதற்கு முன், இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நல்லதா என்று சொல்ல என்னைக் கூட்டிப்போனார்.

விற்பவர் கயிற்றை இழுத்ததும் இன்ஜின் சீராக ஓடியது. ஆனால் அதற்கு முன்பே மூடியில் கை வைத்துப் பார்த்திருந்தேன். சூடாக இருந்தது; நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார். தேய்ந்த இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் 'டக் டக்' என்று தட்டும், சூடேறினால் சத்தம் அடங்கிவிடும். ஆறவைத்துக் கேட்க ஒரு மணி நேரமாகும்.

"பத்தரைக்கு ராகுகாலம்ணா. அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடணும். இன்னா சொல்றீங்க?" என்றார் மீனவர். அவர் மனைவி கற்பூரத்தோடு நின்றிருந்தார்.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

மூன்றாம் வாரம் கடலில் இன்ஜின் இறுகி நின்றுபோனது. அலையில் படகு கவிழ்ந்தது. அவர் தப்பினார். கூடப் போன அவருடைய அண்ணன் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடத்தான் துக்கவீட்டுக்குப் போனேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு காது குடுத்துக் கேட்டுட்டுதான் சொன்னாரு. இன்ஜின் மேல தப்பில்ல, எங்க நேரம்" என்று வந்தவர்களிடம் சொன்னார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவந்தேன்.

போன மாதம் வேறு படகு பார்க்கவும் என்னைத்தான் கூப்பிட்டார். இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு இவ்ளோ நேரம் ஆவலியேண்ணா?" என்றார், சாதாரணமாக.

அவரிடம் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.