ஊர் சேனலில் என் துண்டு

கேபிளை வெட்டிவிட்டு டிவியில் இன்டர்நெட் வைத்தால் உலகமே வரும் என்று துள்ளியவன் நான்தான். உலகம் வந்தது. கேபிள்காரர் நடத்தும் எங்கள் ஊர் சேனல் மட்டும் வரவில்லை.

அது எனக்கு உறைத்தது மனைவியின் வள்ளிக்கும்மி அரங்கேற்றத்தன்று. மாதக்கணக்கில் ஆடிப் பழகியவள், கிளம்பும்போது கேட்டாள்: "நீங்களும் வாரீங்களா?"

"அந்தக் கூட்டத்துல யாரு நிக்கறது? நம்மூரு சேனல்ல லைவ் போடறாங்கல்ல, ஊட்டுலயே பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றவள், கொடியில் கிடந்த என் ஆரஞ்சுக் கோடு போட்ட துண்டை எடுத்துக்கொண்டு போனாள். வேர்வை துடைக்க என்று நினைத்தேன்.

ரிமோட்டைக் கையில் எடுத்த பிறகுதான் கேபிள் இல்லாதது நினைவுக்கு வந்தது. யூடியூபில் தேடினேன், ஏதோ பழைய தேரோட்டம் ஓடியது. மொட்டைமாடியில் சுருட்டிப் போட்டிருந்த பழைய கேபிள் ஒயரை இழுத்து வந்து செருகினேன், வெறும் நீலத்திரை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஒயரைத் திட்டினேன், மறுபடி செருகினேன். அடுத்த தெரு மைதானத்தின் பாட்டும் கைதட்டலும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தன.

பொறுக்க முடியாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். "ஏனுங்க, நம்மூரு சேனலைக் கொஞ்சம் போடுங்க."

"இதா, பக்கத்துலதானுங்க ஆடறாங்க, நீங்க போகலீங்களா?" என்றபடியே அந்த வீட்டம்மா போட்டார்.

கேமரா கும்மியடிக்கும் பெண்களை விட்டு முன்வரிசைப் பக்கம் திரும்பியது. நெருக்கியடித்த கூட்டத்தில் ஒரே ஒரு நாற்காலி காலி. யாரும் உட்கார்ந்துவிடாதபடி அதன்மேல் என் துண்டு விரித்துப் போட்டிருந்தது.