மச்சானின் மூச்சுக்கு ஒரு மைக்

எங்கள் இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. என் தங்கையை அவருக்குக் கொடுத்தோம், அவர் தங்கையை நான் கட்டினேன். அதனால் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான். யார் யாரைக் கேலி செய்வது என்பதற்கு வரைமுறையே கிடையாது. அவர் கேலி செய்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்படி ஒரு குரல்.

என் வீடு கோட்டையூரில். அவருடைய தென்னந்தோப்பு கண்மாயைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே செல்போனுக்கு டவர் சரியாகக் கிடைக்காது. காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே இரண்டு சி.பி. ரேடியோப் பெட்டிகளைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். வெளிநாடுகளில் லாரிக்காரர்கள் வைத்துப் பேசிக்கொள்ளும் பெட்டி. கையிலிருக்கும் மைக்கின் பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவதைக் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. லைசென்ஸ் வேண்டியதில்லை என்று விசாரித்துக்கொண்டு, ஒன்றை என் வீட்டிலும் மற்றதைத் தோப்பு மோட்டார் ரூமிலும் வைத்தோம்.

"இந்தக் கொரலுக்கு ரேடியோ எதுக்கு? அண்ணன் சும்மா கூப்பிட்டாலே இங்குட்டுக் கேக்குமே" என்றாள் என் மனைவி.

போன வருஷம் அவருக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் போய்விட்டது. ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லை, தானாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பேசினால் வெறும் காற்றுதான் வந்தது. போனில் பேசவைத்துப் பார்த்தோம். போனுக்கு இரைச்சலை வெட்டுகிற புத்தி உண்டல்லவா, அது மச்சானையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அதைச் சுவரில் அடித்திருப்பேன். என் போனாக இருந்ததால் விட்டேன்.

ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் பட்டனை அழுத்தியதும் பெட்டி சும்மா கிடக்கும்போது வருகிற 'உஸ்' சத்தம் நின்றது, சிக்னல் காட்டும் முள் ஏறியது. அவர் இருக்கிறார், பேசுகிறார் என்று தெரிகிறது. ஆனால் ஒரு சொல்கூட இல்லை. பிறகு மறுபடி 'உஸ்'. சில நாள் அப்படியே போனது. அப்புறம் அவர் பட்டனை அழுத்துவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாகண்ணே. விடிஞ்சாத் தோப்பு, அடைஞ்சாத்தான் வீடு. சோத்தக்கூட அங்குட்டுக் கொண்டுபோய் வச்சிட்டு வாரேன். என்னான்னு கேட்டா எந்திரிச்சுப் போயிர்றாக."

"கொஞ்ச நாள் போனாச் சரியாயிரும்த்தா."

"தோப்புல கெணறு இருக்குண்ணே" என்றாள்.

அவள் போனதும் ரேடியோவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

நான் ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயனைப் பிடிக்கத் தெரியும், எங்கே வைக்கவேண்டும் என்பது பாதிதான் தெரியும். படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. ரேடியோவோடு வந்த மைக், நல்ல அழுத்தமான குரல் வந்து தன் உள்ளிருக்கும் சுருளை அசைத்தால்தான் வேலை செய்யும். மச்சானின் மூச்சுக்கு அது அசையாது. போன் ஹெட்செட்டில் பட்டாணி அளவில் ஒரு மைக் இருக்கிறதே, அது மூச்சுவிட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கரண்ட் ஊட்டவேண்டும். இரண்டையும் ஒட்டவைப்பதுதான் வேலை.

பழைய ஹெட்செட்டை அறுத்தேன். வீட்டுப் பெட்டியின் மைக்கையே எடுத்துப் பிரித்து, உள்ளேயிருந்த சுருளைக் கழற்றிவிட்டு அந்தப் பட்டாணி மைக்கை வைத்தேன். பக்கத்தில் ஒரு பொத்தான் பேட்டரி.

"போன மாசம் மிக்சியப் பிரிச்சீக. அது இன்னும் பிரிச்சபடிதான் கெடக்கு" என்று என் மனைவி நினைவூட்டிவிட்டுப் போனாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பட்டாணியின் இரண்டு காலையும் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். சரியாக வைத்ததும் ஊளையிட ஆரம்பித்தது. பட்டனை அழுத்தும்போதெல்லாம் தோப்புப் பெட்டியில் நரி கத்துகிறது என்று தங்கை சொல்லி அனுப்பினாள். நான் போட்டது சாதாரண ஒயர், மேலே உலோக வலை சுற்றிய ஒயர் போட்டிருக்கவேண்டும். அதையும் வாங்கிப் போட்டேன். ஊளை நின்றது. மைக்கில் மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தபோது, தோப்பில் தெளிவாகக் கேட்டது என்றாள் தங்கை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். மச்சான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். தோப்புப் பெட்டியில் மாட்டிப் பட்டனை அழுத்திவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மனைவியை எப்படியோ போனில் பிடித்து விசாரித்தால், மட்டை உரசுவது, மயில் அகவுவது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது எல்லாம் மைக்குக்குள் வந்து விழுகிறது. மச்சானைத் தவிர ஊரே பேசுகிறது. இருமல் மருந்து மூடி ஒன்றை ஓட்டை போட்டு, ஸ்பாஞ்ச் வைத்துப் பட்டாணியை அதற்குள் இறக்கினேன்.

"மீசையில ஒட்டுற மாதிரி வச்சுப் பேசுங்க மச்சான். சத்தம் வேண்டாம், மூச்சுப் போதும்."

அவர் மைக்கை வாங்கவில்லை. ஆணியில் தொங்கவிட்டு, அங்கிருந்த பழைய மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த மனுஷன் மேல் எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, அது பயம்தான்.

மறுநாளும் பெட்டி பேசவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் தங்கை தேங்காய் கொடுக்க வந்திருந்தாள். ரேடியோ வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று இரைச்சல் நின்றது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

"மச்சான்."

காற்றில் செய்த குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதோரம் சொன்னதுபோல விழுந்தது. மைக்கை எடுத்துப் பட்டனை அழுத்தினேன். "கேக்குது மச்சான், கேக்குது" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

"அவ அங்குட்டா இருக்கா?"

மைக்கைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். "பட்டனை விடு, நீ விட்டாத்தான் அவர் பேச முடியும்" என்றேன். விட்டாள்.

வீட்டில் என்றால் அவர் ஒரு சொல்லை மூச்சில் திரட்டுவதற்குள் இவள் நாலு கேள்வி கேட்டிருப்பாள். இங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் சொல்லி, நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடி சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவர் பட்டனை விடவேயில்லை.

"ஒம்மேல கோவமில்ல... நான் பேசுனா நீ மொகத்தச் சுருக்கிக்கிட்டுக் கேப்ப... பக்கத்துல வந்து குனிவ... எப்படி இருந்த மனுசன்னு அந்த மொகத்துல எழுதியிருக்கும்... அதப் பாக்க முடியல. அதான் பேசல."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். தங்கை என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பெட்டி மறுபடி இரைந்தது. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார்.

அவள் முகம் முழுக்கக் கோணிக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக அழுதுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அடங்கிய பிறகுதான் பட்டனை அழுத்தினாள்.

"நல்லாத் தெளிவாக் கேக்குதுங்க. நான் மொகத்தச் சுருக்கல. நீங்க பேசுங்க" என்றாள்.